எருக்கஞ்செடிக்குக் கட்டிய தாலி

என் மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் நாலே வரிதான் சொல்வார்கள். அம்மாவுக்கு ஒரே தம்பி. எஸ்டேட் வேலை பிடிக்காமல் மலையை விட்டு இறங்கி, சேலத்தை ஒட்டியிருந்த ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் சேர்ந்தார். இருபத்திரண்டு வயதில் அங்கே மண் சரிந்து செத்துப்போனார். கல்யாணம் ஆகவில்லை. மற்ற மூன்று வரியை மறந்தாலும் கடைசி வரியை யாரும் மறந்ததில்லை. கல்யாணம் ஆகாமல் போனவர் என்பதால் ஆடி அமாவாசைக்கு அவருக்கு மட்டும் தனி இலை, தனி வேட்டி, தனித் துண்டு. பாட்டன் பூட்டன் எல்லாரும் சேர்ந்து ஒரே இலையில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

நான் அவரைப் பார்த்த நினைவில்லை. அவர் போனபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். இப்போது எனக்கு ஐம்பத்தைந்து. மலைப் பஸ்ஸில் கண்டக்டராக முப்பது வருஷம் நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அதனால் டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அதாவது, முன்பு நின்றுகொண்டு வாங்கிய திட்டை இப்போது உட்கார்ந்துகொண்டு வாங்குகிறேன். இப்படிப்பட்டவனைத்தான் அம்மா போன வருஷம் வைகாசியில் கூப்பிட்டு, தம்பியின் போட்டோவைத் தேடிக்கொண்டு வா என்றாள்.

போட்டோ ஒன்று இருந்தது. வாழவந்தியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கியது. ஆனால் எங்கள் மலையில் காற்றே ஈரம். ஆடி மாதம் துவைத்துப் போட்ட துணி நாலு நாளானாலும் காயாது, ஐந்தாம் நாள் நாற்றம் தாங்காமல் மறுபடி துவைக்க வேண்டியிருக்கும். கண்ணாடி போட்டு மாட்டியும் அந்தப் போட்டோவைப் பூஞ்சை விடவில்லை. ஒரு வருஷம் தோளைத் தின்றது, மறு வருஷம் கழுத்தை. கடைசி மழையில் முகத்துக்கு வந்துவிட்டது. வேட்டி கட்டிய உடம்பும் அதற்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டும்தான் மிச்சம். அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"மொகமே மறந்துபோச்சு கண்ணு" என்றாள். "இடுப்புல தூக்கி வளத்தவ நானு. எனக்கே மறந்துபோச்சு."

அது உண்மை. அவர்களுடைய அம்மா போகும்போது மாமாவுக்கு மூன்று வயது, என் அம்மாவுக்குப் பத்து. பத்து வயதுப் பெண் ஒரு குழந்தையை இடுக்கிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவில் பழம் பறித்திருக்கிறாள். அதை அவள் ஒரு தடவைகூடப் பெருமையாகச் சொன்னதில்லை. இடுப்பு வலி வரும்போது மட்டும் சொல்வாள்.

"சொரங்கத்துல கூட வேல செஞ்சவங்க யாராச்சும் வெச்சிருப்பாங்க. போயிக் கேட்டுப் பாரு."

"ஏம்மா, அம்பது வருசம் முன்னால செத்தவரு போட்டோவ எவன் பொட்டியில வெச்சுக் காத்துக்கிட்டிருப்பான்?"

"கேட்டாத்தானே தெரியும். முப்பது வருசமா வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் எங்க எறங்கணும் எங்க எறங்கணும்னு கேட்டியே. இதையும் கேளு."

எண்பத்து மூன்று வயதில் இந்த வாய். நான் எரிச்சலோடு சரி என்றேன். எரிச்சல் இல்லாமல் நான் எதற்கும் சரி என்று சொன்னதாக என் மனைவிக்குக்கூட ஞாபகம் இருக்காது.

வார லீவு நாள் ஒன்றில் குப்பனூர் வழியாக இறங்கினேன். கொட்டச்சேடு தாண்டும்வரை சட்டைக் கை குளிர்ந்தது. அடிவாரத்தில் வெயில் முகத்தில் வந்து மோதியது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, சுரங்கத்து ஸ்டாப்பில் இறங்கி நின்றேன். சுரங்கம் மூடிப் பல வருஷமாகிறது. வெட்டியெடுத்துக் கொட்டிய மண்ணெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குன்று போலக் கிடந்தது. மேலே வேலிக்கருவை முளைத்திருந்தது. தெருப் புழுதியும் வெள்ளை. ஐந்து நிமிஷத்தில் என் செருப்பும் வெள்ளை.

ஆபீசில் ஒரே ஒரு வாட்ச்மேன் இருந்தார். பழைய ஆட்களின் காகிதம் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். "எல்லாங் கறையான் தின்னுபோச்சுங்க" என்றார். மேலே பூஞ்சை, கீழே கறையான். எங்கள் மாமாவின் மேல் இரண்டுக்கும் அப்படி என்ன பசியோ தெரியவில்லை. சுரங்கத்துக்காரர்கள் இன்னும் குடியிருக்கிற லைன் வீடுகள் பின்னால் இருக்கின்றன, அங்கே டீக்கடையில் விசாரியுங்கள் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எண்பது இருக்கும். காது கேட்டது, கண்தான் மங்கல். மலையிலிருந்து வந்து மண் சரிவில் போனவர் என்று சொன்ன உடனே தலையை ஆட்டினார்.

"சுருட்ட முடி. செவந்த ஆளு. பாறையில குழி போடற வேல. வந்த புதுசுல வெயில் தாங்காம ரெண்டு தடவ மயங்கி உழுந்தாரு. சனிக்கெழம மலைக்கு நடந்தே போயி, திங்கக்கெழம ஒரு பை நெறைய கமலாப்பழத்தோட வருவாரு. எங்களுக்கெல்லாம் பங்கு வெப்பாரு."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழம் சுமந்துகொண்டு நடந்த ஓர் ஆளை எங்கள் வீட்டு நாலு வரிக்குள் நான் பார்த்ததே இல்லை. போட்டோ ஏதாவது இருக்குமா என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஏதுங்க போட்டோ. அவரு சம்சாரத்தக் கேளுங்க. மூணாவது லைன்ல கடைசி ஊடு."

"அவருக்குக் கல்யாணம் ஆகலீங்க. நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்க."

"ஏனுங்க, கோயில்ல மாலை எடுத்துக் குடுத்ததே நானுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் கோபப்படவில்லை. டீயை ஊதிக் குடித்தார். எனக்குத்தான் கையில் இருந்த கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்படியே திரும்பி பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தேன். போட்டோ கிடைக்கவில்லை என்று சொன்னால் அம்மா இரண்டு நாள் முனகுவாள். மூன்றாம் நாள் வேறு எதற்காவது முனகுவாள். எதற்கு நமக்கு இந்த வேலை என்று இருந்தது. ஆனால் கால் மூன்றாவது லைனுக்குத்தான் போனது.

கடைசி வீட்டு வாசலில் ஒரு அம்மா சாக்கு விரித்து உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். நெற்றியில் பொட்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு ஊக்கு. நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே என்னை நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

"மலையில இருந்துங்களா?"

"ஆமாங்கம்மா. எப்படித் தெரியும்?"

"அந்த மூக்குத்தான். வேறென்ன."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். யார் என்ன என்று விசாரிக்கவில்லை. அக்கா மகன்தானே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். எதிலும் ஏற்ற இறக்கம் இல்லை. பல வருஷம் உள்ளுக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு.

அந்த அம்மா அப்போது சுரங்கத்தில் கல் சுத்தம் செய்கிற வேலையில் இருந்தார். சின்னச் சுத்தியலால் வெள்ளைக் கல்லில் ஒட்டியிருக்கும் மண்ணையும் பாறையையும் தட்டி எடுக்கிற வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்வார்களாம். கமலாப்பழப் பங்கு அங்கேயும் வந்திருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டார் வேறு சாதி. மலைக்குச் சொன்னால் நடக்காது என்று, கார்த்திகையில் வேப்பமரத்தடிக் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டார்கள். பெண்ணின் அப்பாவும் கூட வேலை செய்கிற நாலு பேரும்தான் வந்திருந்தார்கள்.

"கட்டும்போது ஒரே முடிச்சுத்தான் போட்டாருங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி ஒரு முடிச்சுப் போட்டதும், மீதி இரண்டு முடிச்சை அவனோடு பிறந்தவள்தான் போடுவாள். நாத்தனார் முடிச்சு என்று பேர். கல்யாணத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் பெரிய மரியாதை அதுதான். அதை வேறு யாராவது போட்டுவிட்டால் அப்புறம் பத்து வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. எங்கள் பஸ்ஸிலேயே இதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அக்கா தங்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"மீதி ரெண்டும் எங்க அக்கா போடறது, அத இன்னொருத்தரு தொடக் கூடாதுன்னாரு. ஆடி நோம்பிக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. அக்கா மொதல்ல ஏசும், அப்பறம் சோறு போடும், சோறு போட்டுட்டு முடிச்சும் போடும்னாரு. ஆனி மாசம் மண்ணு சரிஞ்சுபோச்சு."

மலைக்குத் தகவல் போய், லாரியில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கல்யாணம் ஆகாத பையனை அப்படியே அனுப்பக் கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னாராம். அது எங்களில் வழக்கம்தான். ஒரு செடிக்காவது தாலி கட்டிக் கல்யாணம் ஆனவனாக்கித்தான் அடக்கம் செய்வார்கள். ரோட்டோரத்தில் எருக்கஞ்செடி ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார்கள். மாப்பிள்ளை கட்ட முடியாதே, அதனால் அவர் கையைத் தொட்டு எடுத்த மஞ்சள் கயிற்றை அக்கா கட்டினாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"எங்கப்பன் கையப் புடிச்சுக்கிட்டாரு. புடிக்காட்டியும் எனக்கு வாய் வந்திருக்காது. பதினெட்டு வயசுங்க சாமி. எம் புருசன் முன்னால கெடக்கறாரு, அவருக்கு ஒரு செடியக் கட்டி வெக்கறாங்க. அண்ணி அழுதுக்கிட்டே முடிச்சுப் போட்டாங்க. மூணு. நான் எண்ணிக்கிட்டு நின்னேன்."

அந்த அண்ணி என் அம்மா. தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் பெண்கள் தாலிக் கயிறு மாற்றும்போது இவரும் மாற்றிக்கொள்வார். பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு இன்னொரு பெண் முடிச்சுப் போட்டுவிடுவாள். இவர் மட்டும் தானே போட்டுக்கொள்வார். ஒரே முடிச்சு. நழுவாமல் இருக்க ஊக்கு.

"உங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"அப்ப ஒருக்கா கூட்டிட்டு வாங்க கண்ணு. இந்தக் கயித்த எறக்கி வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். இந்தக் காலத்தில் எதற்கு இந்தச் சடங்கெல்லாம், பூவும் பொட்டும் அப்படியே இருக்கட்டும், யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று சத்தமாகவே பேசினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அம்பது வருசத்துக்கு மேல பொட்டோடதான உக்காந்திருக்கறேன். கல்யாண ஊட்டுல சுமங்கலின்னு என்னய மனையில உக்கார வெக்கறதில்ல. எழவு ஊட்டுல அறுத்தவன்னு பக்கத்துல சேத்துக்கறதும் இல்ல. அவரு போனப்ப யாரும் எங்கிட்ட வந்து போயிட்டாருன்னு சொல்லலீங்க. ஒரு வளையல ஒடைக்கல. கட்டிக்கிட்டு ஒரு அழுவாச்சி அழுவல. நான் அவருக்குப் பொண்டாட்டின்னா அவங்க ஊட்டு ஆளு வந்து இத எறக்கோணும். நானா கழட்டி வெச்சா, நான் அவருக்கு ஆருமில்லேன்னு நானே சொன்னாப்பல ஆயிரும். நொம்ப அலுப்பா இருக்குது சாமி."

போட்டோ ஏதாவது இருக்குமா என்று மெதுவாகக் கேட்டேன்.

போட்டோ இருந்தது. சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. துணிக்குள் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு பெண் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேருமே சிரிக்கக் கூடாது என்று யாரோ மிரட்டியதுபோல இருக்கிறார்கள். போட்டோவைக் கொடுக்க மாட்டேன் என்றார். போனில் எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது, "வர்றேனுங்க அத்தை" என்றேன். வாயில் தானாக வந்தது. மாமாவின் மனைவியை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் புளியை எடுத்துக்கொண்டார்.

மலை ஏறுகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தெரியாமல் நடந்த தப்பு. அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இந்த வயதில் இதைச் சொல்லி அவளை அழவைக்க வேண்டுமா? வேண்டாம் என்று முடிவு செய்தேன். போனில் படத்தைப் பெரிதாக்கி, மாமாவின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். ஓரத்தில் ஒரு சேலைத் தோள் கொஞ்சம் தெரிந்தது. அதை எப்படி நகர்த்தியும் மறைக்க முடியவில்லை.

அம்மா போனை இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். "இவந்தான்" என்றாள். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அந்தப் புள்ள அப்பறம் யாரையாச்சும் கட்டிக்கிச்சா?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"கூட்டத்துல நின்னா. முந்தானையக் கழுத்துவரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டு நின்னா. நெறம் மங்கின மஞ்சக் கயிறு, முந்தானைக்குள்ளயும் தெரிஞ்சுது. எம் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. எனக்கு எப்படிறா தெரியாம இருக்கும்?"

"தெரிஞ்சுமா செடிக்குக் கட்டினே?"

அம்மா முந்தானையால் போனைத் துடைத்தாள். நான் விடுவதாக இல்லை. பயணிகளிடம் சில்லறை கேட்கிற குரலில் மறுபடி கேட்டேன். அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இத்தன வருசமா என்ன நெனச்சுக்கிட்டிருந்தேன்னா, சின்னப் புள்ள, இவனுக்குப் பொண்டாட்டின்னு சொல்லி அவ தாலிய அங்கயே அறுத்து மூலையில உக்கார வெக்கறதுக்குப் பதிலா, செடிக்குப் போவட்டும் அந்தப் பாவம், அவ எங்கயாச்சும் நல்லா இருக்கட்டும்னுதான் கட்டினேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அது பொய்யா?"

"பொய்யில்ல. ஆனா அது அப்பறம் நெனச்சது. கயிறு கையில இருந்தப்ப கோவந்தான் இருந்துச்சு. இடுப்புல தூக்கிச் சொமந்தவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் போட வேண்டிய முடிச்ச எவளையோ போடச் சொல்லிக் கட்டிக்கிட்டான். பொணமாக் கெடக்கறவன் மேல கோவம். அவ பாக்கப் பாக்க மூணையும் நானே போட்டேன்."

அப்போதுதான் நான் சொன்னேன். மாமா போட்டது ஒரே முடிச்சு என்று. மீதியை யாரையும் தொடவிடவில்லை, ஆடிக்கு அழைத்து வந்து அக்கா கையால் போடச் சொல்ல இருந்தார் என்று. அக்கா ஏசும், சோறு போடும், முடிச்சும் போடும் என்று அவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அம்மா அழவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "ஒண்ணா போட்டிருந்தான்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குள் போனவள் அன்று வெளியே வரவே இல்லை. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது குளித்து, நல்ல சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு டிப்போவில் டியூட்டி. லீவு சொல்லிவிட்டேன்.

மூன்றாவது லைனில் அம்மாவைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போனேன். அத்தை தூரத்திலேயே பார்த்து எழுந்து நின்றுவிட்டார். எத்தனை சொல்லியும் அம்மாவுக்கு முன்னால் உட்காரவில்லை. அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் எப்பவோ தீந்துபோச்சுங்க அண்ணி. இப்ப அலுப்புத்தான்."

பிறகு அத்தை ஊக்கைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார். அம்மா கயிற்றைத் தொட்டாள். அந்த ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"கட்டாத முடிச்ச எப்படிறி நான் அவுக்கறது? மொதல்ல போடோணும்."

சொல்லிவிட்டு அவளே தயங்கினாள். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. "நானும் அறுத்தவ. என்ற கை படலாமோ என்னவோ."

"இங்க ஆருங்க அண்ணி பாக்கறாங்க. போடுங்க."

அம்மாவின் விரல்கள் காப்பிப்பழம் பறித்துப் பறித்துக் கணுக்கணுவாக வீங்கியவை. கயிறு நழுவி நழுவிப் போனது. நான் உதவட்டுமா என்று குனிந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். ஒரு முடிச்சுக்கு எத்தனை நேரம் ஆகுமோ அதைப்போல நாலு மடங்கு ஆனது. இரண்டாவதைப் போட்டு முடித்ததும் அம்மா அவர் முதுகை ஒரு தடவை தட்டினாள். அத்தை தலையைத் தூக்காமல் அப்படியே இருந்தார்.

"இப்ப எறக்கிருங்க அண்ணி."

"இன்னைக்கு வேண்டாம். ஒரு நாளாச்சும் எங்க ஊட்டு மருமவளா இரு. நாளைக்குக் காலையில எறக்கறேன்."

அன்று அங்கேயே தங்கினோம். அம்மாதான் சோறாக்கினாள். நான் திண்டாடித் தேடி ஒரு வாழையிலை வாங்கிக்கொண்டு வந்தேன். அத்தைக்கு இலை போட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே போய் அந்த வெள்ளை மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த இடத்தில் சரிந்தது என்று யாரையும் கேட்கவில்லை.

காலையில் அம்மா என்னை எழுப்பி, ஒரு சேலை வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். புருஷன் போனவளுக்குக் கோடிச் சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அத்தைக்குப் பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. நீ எடுத்தால் போதும் என்றாள். தாலி இறக்கும்போது ஆண்கள் பக்கத்தில் நிற்கவும் கூடாது. கடைகள் திறக்கும்வரை காத்திருந்து, வெள்ளையில் சின்னக் கரை போட்ட ஒரு சேலையை வாங்கினேன். என்ன விலை, நல்லதா மட்டமா, எதையும் கவனிக்கவில்லை. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். எங்க அத்தைக்கு என்றேன்.

நான் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை கீழே, முந்தாநாள் புளிக்கொட்டை எடுத்த அதே சாக்கின் மேல். பொட்டு இல்லை. வெறும் கழுத்தை மறைக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுப் பெண் குழாயடியிலிருந்து இரண்டு குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இந்தக் கோலத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னங்கம்மா ஆச்சு?"

"எங்க ஊட்டுக்காரரு போயிட்டாருங்க கண்ணு" என்றார் அத்தை. அன்று காலையில் நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

எப்போது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. இரண்டு குடத்தையும் இறக்கி வைத்துவிட்டு, சாக்கில் மண்டியிட்டு அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அம்மாவும் நகர்ந்து போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அடுத்தடுத்த வீடுகளிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.